வேட்டை நாயின் ஜிபிஎஸ் பட்டை: சிக்னல் எட்டும் தூரத்தைக் கூட்ட நான் செய்பவை

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு டிசம்பர் மாலை, நாலரை மணி இருக்கும். என் வேட்டை நாய் கறுப்பி ஒரு கரடியை விரட்டிக்கொண்டு முகட்டைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்கினாள். என் கைக்கருவியின் திரையில் 1.9 கிலோமீட்டர் என்று காட்டிக்கொண்டிருந்த அவளுடைய குறி, கேள்விக்குறியாக மாறியது. அதன் பிறகு இரவு முழுக்க ஒன்றுமில்லை. வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே போய்விட்டது. நான் பள்ளத்தாக்குச் சாலையில் மேலும் கீழுமாக வண்டியை ஓட்டியபடி, பக்கத்து இருக்கையில் கிடந்த கருவியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். விடிந்ததும் பக்கத்து வீட்டுப் பெரியவர் என்னை முகட்டின் மேலே கூட்டிப்போனார். கருவியைத் தலைக்கு மேல் உயர்த்திப் பிடித்து, அசையாமல் நிற்கச் சொன்னார். இரண்டாவது நிமிடத்தில் கறுப்பி திரையில் வந்தாள். நேர்க்கோட்டில் பார்த்தால் இரண்டு கிலோமீட்டர்தான். ஓர் ஓடைப் பள்ளத்தில், ரோடோடென்ட்ரான் புதருக்குள் சுருண்டு படுத்திருந்தாள்.

வீட்டுக்கு வந்து அவள் கழுத்துப் பட்டையைக் கழற்றிப் பார்த்தேன். ஆன்டெனாவின் அடிப்பகுதியில், மேலுறை முழுசாக இருக்க, உள்ளே எஃகு இழைகள் பாதிக்கு மேல் அறுந்திருந்தன. அது என் தவறு. காலையில் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். ரேடியோ கருவிகளைப் பழுது பார்ப்பது என் தொழில் என்பதால் அந்த இரவு இன்னும் உறுத்துகிறது. அன்றிலிருந்து நான் மாற்றிக்கொண்டவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் இருப்பது அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தின் மேற்குக் கோடியில், ஹேவுட் கவுண்டியில். பிளாட் பால்சம் மலைத்தொடர் வீட்டுக்குப் பின்னால் நிற்கிறது. பிளாட் ஹவுண்ட் என்ற கரடி வேட்டை நாயினம் இந்த மலைகளில்தான் உருவானது. 1750இல் ஜெர்மனியிலிருந்து வந்த குடும்பம் ஒன்று தன்னோடு கொண்டுவந்த நாய்களின் வழி அது. 1989இல் மாநிலத்தின் அதிகாரபூர்வ நாயாகவும் அறிவித்தார்கள். கறுப்பியும் என் இன்னொரு நாய் ராணியும் அந்த இனம். இங்கே பட்டையின் சிக்னல் என்பது வேட்டைக்காரரின் வசதி மட்டும் இல்லை. ஒரு பக்கம் வேட்டைக்கு இடமில்லாத கிரேட் ஸ்மோக்கி தேசியப் பூங்கா, இன்னொரு பக்கம் கார்கள் ஓடும் புளூ ரிட்ஜ் பார்க்வே சாலை, இடையிடையே கரடிச் சரணாலயங்கள். நாய் எங்கே போகிறது என்று தெரியாமல் இருந்தால், அது காருக்கு அடியில் போய்விடலாம்.

எங்கள் பக்கத்து மலைகளில் பெரும்பாலான பள்ளங்களில் செல்பேசிக்கே சிக்னல் கிடையாது. அதனால் செல்பேசிக் கோபுரத்தை நம்பும் பட்டைகள் இங்கே உதவாது. கார்மின் ஆஸ்ட்ரோ, ஆல்ஃபா போன்ற, பட்டையிலிருந்து கைக்கருவிக்கு நேரடியாக ரேடியோவில் பேசும் வகையைத்தான் எல்லோரும் வைத்திருக்கிறார்கள். நான் சொல்வது அந்த வகைக்கு.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். பட்டைக்குள் இரண்டு வேலைகள் நடக்கின்றன. ஒன்று, சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களைக் கேட்டு, நாய் நிற்கும் இடத்தைக் கணக்கிடுவது. இது கேட்பது மட்டும்தான். இரண்டு, கணக்கிட்ட இடத்தை 2 வாட்டுக்கு மிகாத ஒரு சிறிய ரேடியோவால் உங்களிடம் சொல்வது. நாம் தூரம் போதவில்லை என்று புலம்புவது எப்போதும் இந்த இரண்டாவதைப் பற்றி. செயற்கைக்கோள் சரியாகக் கிடைத்து, நாய் தன் இடத்தை நன்றாக அறிந்துகொண்டிருக்கும்போதே, அந்தச் செய்தி உங்களிடம் வந்து சேராமல் போகலாம். கறுப்பிக்கு நடந்தது அதுதான். ஆகவே ஜிபிஎஸ் நன்றாக இல்லை என்று புதுப் பட்டை வாங்க ஓடாதீர்கள்.

அமெரிக்காவில் இந்தப் பட்டைகள் பேசுவது மர்ஸ் எனப்படும், உரிமம் தேவையில்லாத ஐந்து அலைவரிசைகளில்: 151.820, 151.880, 151.940, 154.570, 154.600 மெகாஹெர்ட்ஸ். இந்த எண்களிலிருந்து நமக்கு வேண்டிய ஓர் அளவு கிடைக்கிறது. அலைநீளம் ஏறக்குறைய இரண்டு மீட்டர், அதில் கால் பங்கு 49 சென்டிமீட்டர். இந்த அரை மீட்டர்க் கம்பி நேராகவும் முழுசாகவும் நின்றால்தான் 2 வாட் வெளியே போகும்.

பெட்டியில் ஒன்பது மைல், அதாவது பதினான்கரை கிலோமீட்டர் என்று அச்சிட்டிருப்பார்கள். அது பொய் இல்லை, ஆனால் இருவருக்கும் நடுவே ஒன்றும் மறைக்காமல் இருந்தால் என்ற நிபந்தனையோடு வருகிறது. பூமியின் வளைவை மட்டும் கணக்கில் எடுங்கள். ரேடியோவுக்கு அடிவானம் எத்தனை கிலோமீட்டர் என்றால், ஆன்டெனாவின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12ஆல் பெருக்கினால் போதும். நாயின் கழுத்து அரை மீட்டர் உயரம், அதற்கு 2.9 கிலோமீட்டர். உங்கள் நெஞ்சளவில் இருக்கும் கருவி ஒன்றரை மீட்டர், அதற்கு 5 கிலோமீட்டர். கூட்டினால் எட்டு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு மரமும் இல்லாத சமதரையில்கூட அவ்வளவுதான். அதே கருவி, சுற்றுப்புறத்தைவிட நூறு மீட்டர் உயர்ந்த முகட்டில் இருந்தால் உங்கள் பங்கு மட்டும் 41 கிலோமீட்டர் ஆகிவிடுகிறது. நாயை உயர்த்த நம்மால் முடியாது. நம்மை உயர்த்திக்கொள்ள முடியும். நான் கொடுக்கும் யோசனைகளில் காசு செலவில்லாததும் பலன் மிகுந்ததும் இதுதான். நாயைத் தேடும்போது பள்ளத்தை நோக்கி இறங்கத் தோன்றும், ஏனென்றால் நாய் அங்கேதான் இருக்கிறது. மனத்தை அடக்கிக்கொண்டு மேலே ஏறுங்கள்.

இனி பட்டை. ஒவ்வொரு பருவத்திலும் நான் அதிக நேரம் செலவிடுவது இதில்தான்.

பட்டையின் கனமான பெட்டி நாயின் தொண்டைக்குக் கீழே இருக்க வேண்டும். செயற்கைக்கோளைக் கேட்கும் சிறு துண்டும் ஆன்டெனா வெளிவரும் இடமும் கழுத்தின் மேல்பக்கம். பட்டை தளர்வாக இருந்தால் ஓட்டத்தில் சுழன்று, ஆன்டெனா தரையைப் பார்க்கத் தொங்கும். அப்போது செயற்கைக்கோளும் போகும், தூரமும் போகும். பட்டைக்கும் கழுத்துக்கும் நடுவே இரண்டு விரல் இறுக்கமாக நுழைய வேண்டும், மூன்று விரல் நுழைந்தால் தளர்வு. குளிர்காலத்தின் நடுவில் நாய் இளைக்கும். அக்டோபரில் சரியாக இருந்த துளை டிசம்பரில் சரியாக இருக்காது. மறுபடி பாருங்கள்.

ஆன்டெனாவை அடியிலிருந்து நுனிவரை இரு விரல்களுக்கு நடுவே வைத்து மெல்ல உருவுங்கள். கண்ணை நம்பாதீர்கள், விரலை நம்புங்கள். உள்ளே இழை அறுந்த இடத்தில் ஆன்டெனா தொளதொளவென்று மடங்கும். நல்ல ஆன்டெனா எங்கே வளைத்தாலும் ஒரே விறைப்போடு திரும்பி நிமிரும். பெரும்பாலும் அடியிலிருந்து இரண்டு விரல் உயரத்துக்குள்தான் அறுகிறது, ஏனென்றால் புதருக்குள் நுழையும்போதெல்லாம் வளைவது அந்த இடத்தில். நாய்ப்பெட்டியில் இரண்டு நாய்களைச் சேர்த்து ஏற்றினால் ஒன்றின் ஆன்டெனாவை மற்றது கடிக்கும். ராணிக்கு அந்தப் பழக்கம் உண்டு. அதனால் வண்டியில் போகும்போது பட்டையே போடுவதில்லை, இறக்கும் இடத்தில்தான் மாட்டுகிறேன். கடிபட்ட மேலுறை வழியாக ஈரம் உள்ளே போய்த் துரு பிடிக்கும். சின்னக் கீறல் என்றால் வெப்பத்தில் சுருங்கும் குழாயைப் போர்த்திச் சூடு காட்டுங்கள். இழை அறுந்திருந்தால் ஒட்டுப்போடாதீர்கள், மாற்றிவிடுங்கள். நீளமான பகுதியை வெட்டிச் சின்னதாக்கி அதையே ஓட்டலாம் என்று சிலர் செய்கிறார்கள். அந்த அரை மீட்டர் அளவை நினைத்துப் பாருங்கள். பாதியாக வெட்டிய ஆன்டெனா, பட்டை அனுப்பும் சக்தியில் பெரும்பங்கை வீணடிக்கும்.

மாற்று ஆன்டெனா வாங்கும்போதும் ஒரு எச்சரிக்கை. மலிவாகக் கிடைத்தது என்று ஒருமுறை நான்கு வாங்கினேன். பார்க்க ஒன்றுபோலவே இருந்தன, ஆனால் கம்பி மெல்லியது. ஒரு மாதத்துக்குள் மூன்று நுனி சுருண்டு, நாயின் முதுகோடு படிந்துவிட்டன. ஈரமான முதுகில் ஒட்டிக் கிடக்கும் ஆன்டெனா, ஆன்டெனாவே இல்லை என்று சொல்லலாம். நாயின் உடம்பு பெரும்பாலும் நீர். நீர் ரேடியோ அலையைக் குடித்துவிடும். ஆன்டெனா முதுகைவிட்டு விலகி நிமிர்ந்து நிற்கும் விறைப்புதான் நீங்கள் பார்க்க வேண்டிய தரம்.

நாயின் நிலையும் தூரத்தை மாற்றும். கரடியை மரத்தில் ஏற்றிவிட்ட நாய், முன்னங்கால்களை அடிமரத்தில் ஊன்றி மேலே பார்த்துக் குரைக்கும். அப்போது கழுத்தின் மேல்பக்கம் பின்னோக்கிச் சாய்கிறது, ஆன்டெனா படுக்கைவாட்டில் போகிறது, பக்கத்திலேயே தடித்த ஈர மரம் வேறு. நிமிர்ந்த ஆன்டெனாவும் படுத்த ஆன்டெனாவும் ஒன்றை ஒன்று மிகக் குறைவாகவே கேட்கும். ஓடும்போது நன்றாக வந்த சிக்னல், மரத்தடியில் நின்றதும் விட்டுவிட்டு வருவது இதனால்தான். பயப்பட வேண்டாம். நாய் நான்கு காலில் இறங்கும் நொடியில் திரும்பக் கிடைக்கும். அசையாமல் காத்திருங்கள்.

கைக்கருவியைப் பிடிக்கும் விதம் அடுத்தது. இடுப்பில் மாட்டியிருந்தால் உங்கள் உடம்பு ஒரு பக்கத்தை முழுக்க மறைக்கிறது. நெஞ்சுப் பையில் வைத்தாலும் முதுகுப் பக்கம் இருக்கும் நாய்க்கு அதே கதை. எடுத்து, ஆன்டெனா வானத்தைப் பார்க்க நேராக, கையை நீட்டித் தலைக்கு மேல் பிடியுங்கள். துப்பாக்கியை அதே தோளில் தொங்கவிட்டுக் குழாய்க்குப் பக்கத்தில் கருவியைப் பிடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். இரும்புக் குழாய் அருகில் இருந்தால் ஆன்டெனாவின் போக்கே மாறும். மற்றத் தோளுக்கு மாற்றுங்கள். அப்படிப் பிடித்தபடி நான்கு திசைக்கும் மெல்லத் திரும்புங்கள், ஒவ்வொரு திசையிலும் ஒரு நிமிடமாவது நில்லுங்கள். சில நேரம் இரண்டடி பக்கவாட்டில் நகர்ந்தாலே போதும். பாறையிலிருந்தும் சரிவிலிருந்தும் திரும்பி வரும் அலைகள் ஓரிடத்தில் ஒன்றையொன்று அழித்து, அடுத்த இடத்தில் கூடிக்கொள்ளும்.

வண்டிக்குள் இருந்தபடி தேடாதீர்கள். இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும். அன்று இரவு முழுக்க நான் செய்தது அதுதான்: இரும்புக் கூட்டுக்குள் கருவி, பள்ளத்துக்குள் வண்டி.

வண்டியில் போகும்போதும் கேட்க வேண்டுமானால் கூரையில் காந்த அடி கொண்ட ஆன்டெனா வையுங்கள். எஃகுக் கூரையின் நடுவில், 49 சென்டிமீட்டர்க் கம்பி. கூரையின் உலோகத் தகடே ஆன்டெனாவின் மறுபாதியாக வேலை செய்கிறது. அதனால் ஓரத்தில், கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்தால் ஒரு திசையில் நன்றாகவும் எதிர்த்திசையில் மோசமாகவும் கேட்கும். சில புதிய பிக்கப் வண்டிகளின் உடல் அலுமினியம், நாய்ப்பெட்டிகளும் பெரும்பாலும் அலுமினியம். காந்தம் ஒட்டாது. அங்கே திருகாணியால் பொருத்தும் அடியைத்தான் வாங்க வேண்டும். கருவியின் இணைப்பியும் கேபிளின் இணைப்பியும் வேறு வேறாக இருக்கும், இடையே ஒரு மாற்றி தேவைப்படும். ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று மாற்றிகளை மாட்டாதீர்கள். ஒவ்வொன்றும் தளர்கிற இடம், கருவியின் கழுத்தை நெம்புகிற எடை. இரண்டு முனைக்கும் பொருத்தமான ஒரே மாற்றியைத் தேடி வாங்குங்கள்.

கேபிள் நீளத்தைக் குறைவாக வையுங்கள். ஆர்ஜி-58 என்ற வழக்கமான மெல்லிய கேபிளில், இந்த அலைவரிசைக்கு ஐந்து மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு டெசிபல் போகும், அதாவது சிக்னலின் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கு. பதினைந்து மீட்டர் போட்டால் பாதி போய்விடும். மிச்சக் கேபிளை இருக்கைக்குக் கீழே சுருட்டி வைத்திருப்பவர்கள் வெட்டிச் சரியான நீளத்துக்கு முனை போட்டுக்கொள்ளலாம். கதவிடுக்கில் நசுங்கிய கேபிளை வைத்துக்கொண்டு ஆன்டெனாவைக் குறை சொல்வதும் அடிக்கடி நடக்கிறது.

முகாமில் நிற்கும்போது நானும் பெரியவரும் மடக்கி நீட்டும் கம்பம் ஒன்றை வண்டியின் பின்பக்கம் கட்டி, ஆறு மீட்டர் உயரத்தில் ஆன்டெனாவை நிறுத்துகிறோம். மர்ஸ் விதிப்படி ஆன்டெனாவின் உச்சி தரையிலிருந்து 60 அடி, அதாவது சுமார் 18 மீட்டர் வரை போகலாம், கட்டடத்தின் மேல் என்றால் அந்தக் கட்டடத்தின் உச்சிக்கு மேல் 20 அடி. எங்களுக்கு ஆறு மீட்டரே போதுமானது. மின்கம்பிக்குக் கீழே கம்பத்தை நீட்டாதீர்கள். இடி கேட்டால் உடனே இறக்குங்கள்.

திசை ஆன்டெனா, அதாவது யாகி, தொலைந்த நாயைத் தேடப் பயன்படும். இந்த அலைவரிசைக்கு மூன்று கம்பி யாகியின் ஒவ்வொரு கம்பியும் ஒரு மீட்டர் அளவு வரும், ரோடோடென்ட்ரான் காட்டுக்குள் தூக்கிப்போவது பெரும்பாடு. ஆனால் முகட்டில் நின்று ஒரு பள்ளத்தை நோக்கிக் குறிவைக்கும்போது, சாதாரண ஆன்டெனாவுக்கு வராத சிக்னல் வருகிறது. கம்பிகள் செங்குத்தாக நிற்கும்படி பிடியுங்கள். தொலைக்காட்சி ஆன்டெனாவைப் போலப் படுக்கையாகப் பிடித்தால் அதன் பலன் முழுக்க வீண்.

சக்தியைப் பெருக்கும் பெட்டிகள் விற்கிறார்கள். அவற்றை வாங்க வேண்டாம். 2 வாட் என்பது சட்டத்தின் எல்லை. அதோடு, கைக்கருவியும் பட்டைக்குக் கட்டளை அனுப்புகிறது. கேட்பதற்கு மட்டும் செய்த பெருக்கியை நடுவில் மாட்டி அனுப்பினால் பெருக்கி எரியும்.

அலைவரிசைத் தேர்வை யாரும் கவனிப்பதில்லை. ஐந்தில் 154.570, 154.600 இரண்டும் முன்பு வணிக நிறுவனங்களின் கைரேடியோக்களுக்கு இருந்தவை, இன்னும் அங்கே பேச்சு அதிகம். வீட்டு நுழைவாயில் எச்சரிக்கைக் கருவிகளும் இந்த ஐந்தில்தான் ஓடுகின்றன. ஊரை ஒட்டிய காட்டில் சிக்னல் காரணமில்லாமல் விட்டுவிட்டு வந்தால், பட்டையை வேறு அலைவரிசைக்கு மாற்றிப் பாருங்கள். பருவத்தின் முதல் சனிக்கிழமை ஒரே முகட்டில் பத்து வேட்டைக் குழுக்கள் நிற்கும். அன்று காலை மற்றவர்களிடம் போய் பட்டைக்கு எந்த அலைவரிசை, எந்த அடையாள எண் என்று கேட்டுப் பகிர்ந்துகொள்வது எங்கள் வழக்கம். கேட்டால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

பட்டை எத்தனை நொடிக்கு ஒருமுறை இடத்தைச் சொல்ல வேண்டும் என்பதையும் நாம்தான் வைக்கிறோம். எங்கள் பட்டைகளில் இரண்டரை நொடியிலிருந்து இரண்டு நிமிடம் வரை தேர்வுகள் உண்டு. அடிக்கடி சொன்னால் பேட்டரி சீக்கிரம் தீரும், ஆனால் சிக்னலின் விளிம்பில் அது பெரிய உதவி. பத்தில் ஒரு செய்திதான் வந்து சேர்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டரை நொடிக்கு ஒருமுறை என்றால் நிமிடத்துக்கு 24 முறை, அதில் இரண்டு செய்தியாவது வந்துவிடும். முப்பது நொடிக்கு ஒருமுறை என்றால் அதே ஒரு செய்திக்கு ஐந்து நிமிடம் காத்திருக்க வேண்டும். நான் பகலில் ஐந்து நொடி வைக்கிறேன். பேட்டரி கால் பங்குக்குக் கீழே போனால் பட்டை தானாகவே இரண்டு நிமிடத்துக்கு மாறும் வசதியையும் இயக்கி வைத்திருக்கிறேன். அந்த நிலையில் தேடும்போது முகட்டில் ஒரே இடத்தில் பத்து நிமிடமாவது நிற்க வேண்டும். முப்பது நொடி பார்த்துவிட்டு வண்டியை எடுத்தால் நாய் இருந்தும் தெரியாது.

பருவமும் ஒரு கணக்கு. இலை உதிர்ந்த ஓக் காட்டில் கிடைக்கும் தூரம், மழை நனைத்த அக்டோபர் இலைக் காட்டில் கிடைக்காது. ரோடோடென்ட்ரானும் பைனும் ஆண்டு முழுக்கப் பச்சை, அங்கே எப்போதும் குறைத்தே எதிர்பாருங்கள்.

சிக்னல் போய்விட்டால்: கடைசியாகத் தெரிந்த இடத்தை உடனே குறித்துக்கொள்ளுங்கள், நேரத்தையும் நாய் ஓடிய திசையையும் சேர்த்து. திரையில் நிற்கும் குறி பழையது என்பதை மறந்து அதை நோக்கி நடந்துவிடுவோம். வரைபடத்தில் அந்தத் திசையின் ஓடைப் பள்ளங்களைப் பாருங்கள், எந்த முகட்டுச் சந்திலிருந்து அந்தப் பள்ளத்துக்குள் நேரே பார்க்க முடியும் என்று தேர்ந்தெடுங்கள். 2024 செப்டம்பரில் ஹெலீன் புயல் வந்த பிறகு காட்டுச் சாலைகள் பல மூடிக் கிடந்தன. அப்போது முகடுகளுக்கு நடந்தேதான் போனோம். சாலை இருக்கிறதா என்று வேட்டைக்கு முன்பே விசாரித்துவிடுங்கள்.

இந்தியாவில் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அங்கே வேட்டைக்கு இடமில்லை. அமெரிக்கப் பட்டைகளின் அலைவரிசைகளும் அங்கே உரிமமின்றிப் பயன்படுத்தக் கூடியவை அல்ல. ஊருக்கு வரும்போது யாருக்கும் வாங்கி வராதீர்கள்.

கடைசியாக, சோதனை. பருவம் தொடங்குவதற்கு இரண்டு வாரம் முன்பு, ஒரு மேய்ச்சல் நிலத்தின் வேலிக்கம்பத்தில், தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில், ஒரு தண்ணீர்ப் பாட்டிலைச் சுற்றிப் பட்டையை மாட்டுகிறேன். கம்பம் மரமாக இருக்க வேண்டும், முள்கம்பியைவிட்டு விலக்கி வைக்க வேண்டும். தண்ணீர், நாயின் கழுத்துக்குப் பதில். பிறகு ஒவ்வோர் ஆண்டும் ஒரே பாதையில் நடந்து, மேட்டைத் தாண்டி இறங்கும்போது எந்த இடத்தில் சிக்னல் அறுகிறது என்று நோட்டில் எழுதுகிறேன். எண்ணின் அளவு முக்கியமில்லை, போன ஆண்டோடும் பக்கத்துப் பட்டையோடும் ஒப்பிடுவதுதான் முக்கியம். ஒரு பட்டை மட்டும் குறைந்தால், இரண்டு பட்டைகளின் ஆன்டெனாக்களை இடம் மாற்றி மறுபடி நடக்கிறேன். குறை ஆன்டெனாவோடு போனால் ஆன்டெனா, பட்டையோடு தங்கினால் பட்டை.

இந்த முறை கறுப்பியின் பட்டை பழைய ஓக் மரம் வரை வந்தது, போன ஆண்டைப் போலவே. ராணியின் பட்டை அதற்கு இருநூறு அடி முன்பே அறுந்தது. இடம் மாற்றி நடந்தேன், குறை ஆன்டெனாவோடு போனது. புதியது மேசை மேல் இருக்கிறது, இன்று இரவு மாட்டிவிடுவேன்.